குழந்தை வாடை

"உங்க மேல குழந்தை வாடை அடிக்குதும்மா. நாளையிலேருந்து உள்ள போகாதீங்க."

எல்லார் எதிரிலும் புதுத் தலைவர் இப்படிச் சொன்னதும் அவளுக்கு முகம் செத்துப்போயிற்று.

அந்த ஆய்வகத்தில் படலத்தை உருவாக்கியதே அவள்தான். ஒளிரும் திரைகளுக்குள் மயிரிழையைவிட மெல்லிய கோடு போட உதவும் படலம். வெளிச்சம் பட்ட இடம் கரையும், படாத இடம் நிற்கும்.

ஒரே ஒரு சனியன்தான் அதற்கு ஆகாது. அமோனியா. காற்றில் துளி கலந்தாலும் போச்சு, கோடுகளின் தலை காளான் மாதிரி வீங்கிவிடும்.

தலைவர் வந்து சேர்ந்ததிலிருந்து வீங்கிக்கொண்டேதான் இருந்தன. மனிதர் சும்மா விடவில்லை. தரை துடைக்கிற திரவத்தை மாற்றினார். சென்ட் கூடாது, க்ரீம் கூடாது, தலைச்சாயம் கூடாது என்று தினம் ஒரே பாட்டு. ஒவ்வொருவரையும் நெருங்கி முகர்ந்து வேறு பார்த்தார். அவருக்கு 'மோப்பம்' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

கடைசியில் கைக்குழந்தைக்காரி தலையில் வந்து விடிந்தது. குழந்தையின் மூத்திரத் துணியிலும் அமோனியா உண்டாம்.

"குழந்தை பிறந்து வந்த பிறகும் கோடு நல்லாத்தானே சார் வந்துச்சு?"

"அப்ப கேக்க ஆளில்ல. இப்ப நான் இருக்கேன்."

வீட்டுக்குப் போயும் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மறுநாள் மதியம் படலத்தை வாங்கப்போகிறவர்கள் பார்க்க வருகிறார்கள். கோடு நேராக வராவிட்டால் அவளுடைய இத்தனை வருஷ உழைப்பையும் மூட்டை கட்டிவிடுவார்கள்.

ஒருவேளை அவர் சொல்வது நிஜமாகவே இருந்துவிட்டால்? தன் துணியைத் தனியாகத் துவைத்தாள். தேய்த்துத் தேய்த்துக் குளித்தாள். காலையில் குழந்தை கை நீட்டியது. தூக்காமலே கிளம்பிவிட்டாள். அது வீறிட்டு அழுதது தெருமுனை வரைக்கும் கேட்டது.

இப்போது கண்ணாடிச் சுவருக்கு வெளியே அவளால் நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. உள்ளே மஞ்சள் வெளிச்சத்தில், தலையை மூடிய அங்கியோடு தலைவரே கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தவரின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"மறுபடியும் காளான்தான். உங்க வாடை உள்ளயே தங்கிடுச்சு போல" என்றபடியே அங்கியை உருவினார். வியர்த்துக் கொட்டியது. வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து நெற்றியையும் காதோரத்தையும் அழுந்தத் துடைத்தார்.

கைக்குட்டை கறுப்பாயிற்று.

தலைச்சாயத்தில் அமோனியா இருப்பதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் பார்வை போன இடத்தைக் கவனித்து அவர் கைக்குட்டையைக் கசக்கி உள்ளங்கைக்குள் ஒளித்தார். வருகிறவர்கள் முன்னால் கொஞ்சம் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டாமா என்று ஏதோ முணுமுணுத்தார்.

அவள் தன் அங்கியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"இந்தத் தடவை நீங்க வெளியே நில்லுங்க சார். நான் உள்ள போறேன்."