கவிழ்ந்த மானிட்டர்

கனடா மாப்பிள்ளையை மகள் பூங்கோதை தெளிவாகப் பார்க்கட்டும் என்று சதாசிவம் பழைய கம்ப்யூட்டருக்குப் புது கிராபிக்ஸ் கார்டு போட்டார். படம் பளிச்சென்று வந்தது, ஆனால் தலைகீழாக. எந்தப் பட்டனைத் தட்டியும் திரும்பவில்லை. அதற்குள் மாப்பிள்ளை வீட்டாரின் வீடியோ அழைப்பு வந்துவிட்டது.

"நகருங்க" என்று அவர் மனைவி மங்கை மானிட்டரையே கவிழ்த்துச் சுவரில் சாய்த்தாள். மாப்பிள்ளை வீட்டார் நேராகத் தெரிந்தார்கள். ஆனால் மானிட்டரில் மாட்டியிருந்த கேமராவும் சேர்ந்து கவிழ்ந்திருந்தது.

"ஏங்க, எல்லாரும் தலைகீழா தொங்குறீங்க?" என்றாள் மாப்பிள்ளையின் தாய்.

சதாசிவத்துக்கு வியர்த்தது. மாப்பிள்ளையோ கால்களைச் சோபாவின் மேல் தூக்கிப் போட்டு, தலையைக் கீழே தொங்கவிட்டான்.

"இப்ப நல்லா தெரியுறீங்க" என்றான் பூங்கோதையிடம்.

மானிட்டரைத் திருப்ப ஓடினார் சதாசிவம்.

"கை வைக்காதீங்கப்பா" என்றாள் பூங்கோதை, சிரிப்பை அடக்க முடியாமல்.