புகை பிடிக்கும் ஃபேன்

சதுர ஃபேனின் பின்பக்கம் புகையை வடிகட்டும் ஃபில்டர் அட்டையைப் பொருத்தி, இண்டு இடுக்கு விடாமல் டேப் ஒட்டினான் அவன்.

"நம்ம கையாலயே செஞ்ச மெஷின். இனிமே பாப்பாவுக்கு இருமல் வராது, பாரேன்."

மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு வயது மகளின் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தாள். தெருமுனையில் பழைய டயர் எரிக்கும் கம்பெனி. ஜன்னலைச் சாத்தினாலும் புகை வீட்டுக்குள் வந்துவிடும்.

"டாக்டர் வீட்டை மாத்தச் சொன்னாரு. நீங்க டப்பா செய்றீங்க."

"ஏன், மத்தவங்க யாரும் இங்க குடியிருக்கலையா?"

"அவங்க புள்ளைங்களும்தான் இருமுது. அந்த உலையை மூட்டுறவனுக்கும் புள்ளைகுட்டி இருக்கும்ல? எப்படித்தான் மனசு வருதோ!"

"அவன் என்ன செய்வான்? வயித்துப்பாடு."

"நல்லா வக்காலத்து வாங்குங்க."

அவன் முகம் சிவந்தது. "உனக்கு வாய் ரொம்ப நீளம்!" என்று டேப்பைத் தரையில் வீசினான்.

கம்பெனிச் சங்கு ஊதியது. அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டே, "ஃபேனைப் போட்டு விடு" என்றான்.

அவள் மதியச் சாப்பாட்டை அவன் கையில் திணித்தாள்.

"இப்பவே எதுக்குக் கரண்டை வீணாக்கணும்? நீங்க போய் உலையை மூட்டுங்க. புகை வந்ததும் போட்டுக்கிறேன்."