இன்னும் கொஞ்சம் கீழே

குதிரைச் சவாரி முடிந்து லிட்டில் இந்தியா வீட்டுக்கு வந்த பிறகும், கட்டிலில் படுத்திருந்த ஆஸ்மாவுக்குக் குதிரையின் முதுகிலேயே மெல்ல ஆடிக்கொண்டு போவது போலிருந்தது. கண்களை மூடிக்கொண்டாள்.

“மச்சான், வலிக்குது.”

“ஏறுறதுக்கு முன்னாடி ஒழுங்கா ஸ்ட்ரெச்சிங் பண்ணியிருக்கணும் லா,” என்றான் கணவன் அர்ஃபான். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டோடு வந்தான். “முதுகா? ஒத்தடம் குடுக்குறேன்.”

“இன்னும் கீழ.”

“இடுப்பா?”

“இன்னும் கொஞ்சம் கீழ.” கனவில் பேசுவது போலிருந்தது அவள் குரல். “தொடையில, மச்சான்.”

அர்ஃபான் கட்டிலருகே இருந்த சக்கர நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். விபத்துக்குப் பிறகு, இடுப்புக்குக் கீழே ஊசி குத்தினாலும் அவளுக்குத் தெரிந்ததில்லை. சவாரி செய்தால் முதுகு பலப்படும் என்று மட்டும்தான் டாக்டர் சொல்லியிருந்தார்.

விரலால் அவள் தொடையை அழுத்தினான்.

“இங்கயா?”

“ஆ! மெதுவா!”

“அல்ஹம்துலில்லாஹ்,” என்றான். துண்டை வைக்கப் போன அவன் கையை ஆஸ்மா பிடித்துக்கொண்டாள்.

“இப்ப வேணாம், மச்சான். கொஞ்ச நேரம் வலிக்கட்டும்.”