தேதி மீஞ்சூரில் இருக்கிறது

“தேதி கார்டு எங்கே, வால்டர்?”

“மீஞ்சூர்ல கீது சார்.”

ராமதாஸுக்குச் சுருக்கென்றது. “இங்கே இருக்க வேண்டிய கார்டு மீஞ்சூர்ல என்ன பண்ணுது?”

“அய்ய, ஊரு இல்ல சார். அந்த டிராயரு பேரு மீஞ்சூரு.”

திருவொற்றியூர் தொழிற்சாலைக்கு அந்தக் கம்ப்யூட்டர் வந்து இரண்டு வருஷம். 1973-ல் அது ஒரு ஹாலையே அடைத்துக்கொண்டு நின்றது. வால்டர்தான் அதன் ஆபரேட்டர். தினமும் அதைக் கிளப்பும்போது இன்றைக்கு என்ன தேதி, தாளில் எத்தனை வரி அடிக்கணும், எந்த டேப்பைப் படிக்கணும் என்றெல்லாம் ஓட்டை போட்ட கார்டுகளைக் கொடுத்துச் சொல்ல வேண்டும். அந்தக் கார்டுகள் நாற்பது டிராயர்களில் கிடந்தன. அவற்றை ஒழுங்குபடுத்தத்தான் தலைமை அலுவலகம் ராமதாஸை அனுப்பியிருந்தது.

தாளின் அளவு ‘முத்தம்மா’வில் இருந்தது. டேப் நம்பர் பாதி ‘பழசு’வில், மீதி ‘ரொம்பப் பழசு’வில். ‘இதர’ என்றே ஏழு டிராயர்.

“இதுக்கெல்லாம் என்ன அர்த்தம்?”

“இந்த வரிசைக்குக் கோதண்டம் சாரைக் கேக்கணும். நடுவுல இருக்கறது பூவம்மாவுக்குத்தான் தெரியும். அந்தாண்ட இருக்கறது தேசப்பன்.”

மூவரும் ஸ்டோர்ஸில் இருந்த பழைய குமாஸ்தாக்கள். பூவம்மா, புருஷன் இறந்த பிறகு அவருடைய வேலைக்கு வந்தவர்.

இந்த வால்டர் தன் கூட்டத்தை வைத்துக்கொண்டு மிஷினையே முடக்கிப் போட்டிருக்கிறான் என்று ராமதாஸ் முடிவுகட்டினான். நாலு நாள் மூவரையும் குடைந்து, எந்த டிராயரில் என்ன என்று பட்டியல் எழுதி முடித்தான்.

அன்றைக்கே தலைமை அலுவலகத்திலிருந்து மேனேஜர் போனில் வந்தார்.

“பட்டியல் ரெடியா? அப்ப அந்த மூணு பேரையும் வீட்டுக்கு அனுப்பிடலாம். மிஷின் வந்தப்பவே அனுப்பியிருக்கணும். அவங்க இல்லாட்டி ஒரு டிராயரும் புரியாதுன்னு வால்டர் எழுதினதாலதான் விட்டு வெச்சோம்.”

ராமதாஸ் திரும்பிப் பார்த்தான். வால்டர் தலையைக் குனிந்துகொண்டான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பூவம்மா ஒரு கார்டுக் கட்டைத் தட்டி நேராக்கிக்கொண்டிருந்தார்.

“ராமதாஸ்? லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன் சார். பட்டியல்… சரியா வரல சார். அவங்க மூணு பேரும் இல்லாம இந்த மிஷின் ஒரு நாள்கூட ஓடாது.”

போனை வைத்துவிட்டு வால்டர் பக்கம் திரும்பினான்.

“வேணும்னேதானே இப்படிப் பேர் வெச்சீங்க?”

“ஆமா சார். மிஷினு வந்து எறங்கின அன்னிக்கே மூணு பேருக்கும் சீட்டு கிழிக்கறதா பேச்சு. எனக்கு வேற வழி தோணல.”

“நல்லா இருக்கு போங்க. உங்களால நானும் பொய் சொல்லிட்டேன்.”

வால்டர் அவனை வினோதமாகப் பார்த்தான்.

“இன்னா பொய் சார்? போன மாசம் பூரா எனக்கு மஞ்சக் காமாலை, வூட்ல படுத்துகினு இருந்தேன். இங்கே மிஷினை ஓட்டுனதே அந்த மூணு பேருதான்!”