தந்திக் கவிதை

கைதட்டல் அடங்கவில்லை. கடைசி வரிசையில் கறுப்பு முக்காடு போட்ட பெண் மட்டும் கைகளை மடியிலேயே வைத்திருந்தாள்.

கவிதை வாசித்துவிட்டு உட்கார்ந்த அப்தோனுக்கு அவள் கைதட்டாதது பிடித்திருந்தது. மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் முகம் சுளித்தால்தான் அது கவிதை என்பது அவனுடைய கவிஞர் கூட்டத்தின் கொள்கை.

"உனக்குப் பாவமன்னிப்பு குடுக்க ஆள் வந்திருக்குடா," என்றான் பக்கத்திலிருந்த நண்பன் ஊல்பியானோ. "போய் மண்டி போடு."

கீட்டோ நகரத்தின் அந்தக் காப்பிக்கடைச் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. நிலா, இதயம், கண்ணீர், வா. கவிதையில் வரக்கூடாத சொற்கள். வானொலியில் அழுகிற காதல் பாட்டெல்லாம் 'வா' என்றுதான் முடிகிறது என்பதால் அதற்கும் தடை. கவிதைகளைத் தந்தியில்தான் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வார்கள். தந்தியில் அழ முடியாது என்பார்கள்.

பட்டியலை அப்தோனோடு சேர்ந்து எழுதியவன் டெல்மோ. இரண்டு வருடத்துக்கு முன்பு அவன் வாசித்த கவிதையைக் கேட்டுவிட்டு, இதற்கு ஒரு கித்தார் வாங்கிக்கொள் என்று அப்தோன் எல்லோர் முன்னாலும் சொன்னான். மறுநாளே டெல்மோ தெற்கே லோஹாவுக்குப் போய்விட்டான். அங்கே கல்யாணம் ஆனதாகக் கேள்வி.

மன்னித்துக்கொள் என்று தந்தித் தாளில் எழுதி அப்தோன் நான்கு முறை கிழித்துப் போட்டிருக்கிறான். டெல்மோ உட்காரும் நாற்காலியில் மட்டும் இன்றுவரை யாரையும் உட்கார விட்டதில்லை.

மூன்று வாரத்துக்கு முன்பு தந்தி வந்தது.

'கதவு திறந்திருக்கிறது. மலை கண்ணுக்குத் தெரியவில்லை. மூச்சு சிறுத்துவிட்டது. வா. டெல்மோ.'

அப்தோன் அதை நின்றபடியே ஏழெட்டு தடவை படித்தான். டெல்மோ ஜென்மத்தில் முற்றுப்புள்ளி வைத்தவனில்லை. இதில் வரிக்கு வரி புள்ளி. புதுத் துணிச்சல் என்று நினைத்துக்கொண்டான். கடைசிச் சொல் மட்டும் வேண்டுமென்றே செய்த குறும்பு, தன்னைச் சீண்டுகிறான், பழைய சண்டையை இப்படித்தான் முடித்துவைக்கிறான் என்று பட்டது. சிரித்துக்கொண்டே அந்தச் சொல்லைக் கோடு போட்டு அடித்தான்.

அன்றே பதில் தந்தி கொடுத்தான். மற்ற மூன்று வரிகளும் அவர்கள் நடத்தும் இதழின் முதல் பக்கத்தில் வந்தன. இன்றைக்கு அவற்றைத்தான் எழுந்து நின்று வாசித்தான்.

கூட்டம் கலைந்ததும் அந்தப் பெண் மேசைக்கு வந்தாள். பாவாடை விளிம்பில் நெடுவழித் தூசி.

"நீங்கதான் அப்தோனா? நான் டெல்மோவோட சம்சாரம்."

அப்தோன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். அவளைத் தாண்டிக் கதவைப் பார்த்தான்.

"அவன் எங்க? வெளியவே நிக்கிறானா? அவனுக்கு ரோஷம் ஜாஸ்தி. இருங்க, நானே போய்க் கூட்டிட்டு வரேன்."

அவள் நகரவில்லை. தந்தியில் கடைசியாக ஒரு சொல் இருந்ததே, அதை ஏன் படிக்கவில்லை என்று கேட்டாள்.

அப்தோன் சுவரைக் காட்டினான். விதியைச் சொன்னான். டெல்மோவுக்கே இது தெரியும், அவனாக இருந்தாலும் அடித்திருப்பான் என்றான். சொல்லச் சொல்ல அவன் குரல் இறங்கிக்கொண்டே போனது. அவள் மேலிருந்த கறுப்பு கோயிலுக்கு உடுத்துகிற கறுப்பு இல்லை, துக்கத்துக்கு உடுத்துகிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

அவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தாள். அவன் கொடுத்த பதில் தந்தி. 'அற்புதம் அச்சேறுகிறது'.

"இது வந்தப்ப அவருக்கு நினைவு இருந்துச்சு. நான் படிச்சதைக் கேட்டுட்டு அந்தப் பக்கமா திரும்பிப் படுத்துக்கிட்டாரு. அதுக்கப்புறம் ரெண்டு நாள்தான்."

ஊல்பியானோ தொப்பியைக் கழற்றினான். அப்தோன் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவனோட கடைசிக் கவிதைம்மா அது," என்றான். "நல்ல கவிதை."

"அவரு கவிதை எழுதி ஒரு வருஷம் ஆச்சு. பேனாவப் பிடிக்கவே தெம்பில்ல. ஒத்த வார்த்தையில தந்தி குடுத்தா உங்களுக்கு விவரம் புரியாதேன்னு அந்த மூணு வரியும் நான் சேர்த்தது."

அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அவரு சொன்னது அந்த 'வா' மட்டுந்தான்."