பாம்பின் பெயரில் முறுக்கு

போன மழைக்காலத்தில் கார்டு மெஷின் கிர்ரென்று பில்லைத் துப்பிய சத்தம் முறுக்குக்கடை அணிலுக்கு இன்னும் நினைவிருந்தது. மகள் கல்யாணத்துக்குக் கூடை கூடையாய் முறுக்கு வாங்கிய கீரியோ, அந்தப் பணத்தைத் தான் கொடுக்கவே இல்லை என்று வங்கியில் புகார் செய்து திரும்ப வாங்கிவிட்டது.

“தின்னுட்டு இப்படிப் பண்ணலாமா, அண்ணே? அந்தக் காசு வந்தாத்தான் நான் மாவு வாங்கணும்.”

“போன்ல வங்கி மெசேஜ் ‘நாகராஜன் ஸ்டோர்ஸ்’னுல்ல வந்துச்சு! பாம்புக்கு நான் காசு கொடுப்பேனா?”

“எனக்கு முன்னாடி கடை வச்சிருந்த பாம்போட பேரு அது. நான் இன்னும் மாத்தலை. வங்கிக்கு ஒரு வரி எழுதிக் கொடுங்க.”

“முறுக்கு அருமைதாம்மா. ஆனா எழுதிக் கொடுத்தா எங்க சாதிசனம் சிரிக்குமே!”

அணில் கடன் வாங்கி மாவு பிசைந்தது. கடையின் பெயரையும் ‘கீரி விலாஸ்’ என்று மாற்றியது. மறுமாதம், முறுக்கு வாங்கிய பாம்புகள் எல்லாம் வங்கிக்குப் புகார் எழுதின.

இப்போது அணில் ரொக்கத்துக்கு மட்டுமே விற்கிறது.