சாவிக்காரர் கடையில் தொங்கும் பூட்டு

இலவசச் சட்ட உதவி அறையின் ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழாதபடி, சுவரோரமாய் நகர்ந்து உட்கார்கிறார் சாவிக்காரர். “என்ன தொழில் அண்ணா?” என்கிறாள் இளம் வக்கீல். “பூட்டு ரிப்பேர், மாத்துச் சாவி.” குரல் பாதிதான் வருகிறது. “என்ன பிரச்சனை?” “இடத்துக்காரர் என் கடையைப் பூட்டிட்டாரும்மா.” பின் பெஞ்சில் யாரோ சிரிப்பை இருமலாக்குகிறார்கள். அவருக்குக் காது மடல் சுடுகிறது. “பூட்டைத் தொடலையே?” “தொடல. நம்மகிட்ட வாங்கின பூட்டுதான், கண்ண மூடிக்கிட்டே தொறந்துருவேன்.” “தொறந்துடாதீங்கண்ணா, கேஸ் உங்க மேலயே திரும்பிடும். வாடகை அக்ரிமெண்ட் இருக்கா?” “இருக்கும்மா... கடைக்குள்ள.” இந்த முறை இருமல் வரவில்லை, அறையே வாய்விட்டுச் சிரிக்கிறது. ஊரார் கதவையெல்லாம் திறந்துவிட்ட வளைகம்பி சட்டைப் பைக்கு வெளியே எட்டிப் பார்க்கிறது. திருட்டுப் பொருளைப் போல அதை உள்ளங்கையால் பொத்திக்கொள்கிறார்.